ஆறாம் மாதம் லீவில் போனவன்

மார்ச் 4

அண்ணி அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றும். அதனால்தான் அனுப்புநர் முகவரியையும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், ஒளிந்துகொண்டு வரவில்லை. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள். போனில் பேசச் சொன்னான் அண்ணன். நாம் போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்துக்கு அந்த ஆபத்து இல்லை. பாதியில் வைத்தாலும் மேசை மேல் கிடந்து முறைத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் பெண் வாண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. எப்போதும் கால் வலி, முதுகு வலி என்று இருப்பவளுக்கு இந்த முறை நெஞ்சிலேயே வந்துவிட்டதாம். ஆக்சிஜன் வைத்தார்களாம். டாக்டர் ஒரு மாத்திரையைத் தொடங்கச் சொல்ல, நீங்கள் முடியாது என்று எழுந்து வந்துவிட்டீர்களாம். "நான் சொன்னா அவ கேக்க மாட்டா, நீ சொல்லு" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்று கேட்டேன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலையே இதுதான் அண்ணி. சிவப்பணு உருண்டையாக, எந்தச் சந்திலும் வளைந்து புகுந்து போவதாக இருக்க வேண்டும். வாண்டுவுக்கு அது அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போகிறது. மெல்லிய குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இடமெல்லாம் வலி. நெஞ்சில் சிக்குவது விளையாட்டில்லை. அடுத்த முறை என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாத்திரை புதிதல்ல. எத்தனையோ குழந்தைகள் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார்கள். டாக்டரிடம் இன்னொரு முறை பேசுங்கள். இதை மட்டும் கேட்கத்தான் எழுதினேன்.

கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 15

மதிப்பிற்குரிய நாத்தனாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பஸ் டெப்போவில் டிரைவர், கண்டக்டர்களுக்கு ட்யூட்டி போடுகிற நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். லீவு கேட்டு வருகிற கண்ணீர்க் கடிதங்களைத் தினமும் படிக்கிறவள். ஒரு கடிதம் என்னை ஒன்றும் செய்துவிடாது.

அந்த மாத்திரையோடு வரும் காகிதத்தை எழுத்து விடாமல் படித்தேன். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தாம் அது. என் பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை. வெள்ளையணு குறையுமாம். ஏற்கெனவே இருக்கிற நோய் போதாதென்று இன்னொன்றை வாய்வழியாக ஊட்டச் சொல்கிறீர்கள். தங்களுக்கு அவள் சோதனைக் குழாயில் வருகிற ரத்தம். எனக்கு அப்படியில்லை.

தாங்கள் எழுதியதால் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். பிறப்பிலேயே வந்த நோய் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இரண்டு வயதில் கண்டுபிடித்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். சரி. அப்படியானால் முதல் ஆறு மாதம் அது எங்கே போயிருந்தது? குழந்தை கொழுகொழுவென்று இருந்தாள். சளிகூடப் பிடிக்கவில்லை. பிரசவ லீவு முடிந்து, தாய்ப்பாலைக் குறைத்து, தங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு நான் டெப்போவுக்குப் போக ஆரம்பித்தேன். சில நாளில் சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு கையும் இரண்டு காலும் வீங்கித் தொட்டால் அலறுகிறாள். கையைப் பிடித்துத் தூக்கினீர்களா, முறுக்கினீர்களா, கீழே போட்டீர்களா என்று எத்தனை முறை கேட்டேன். "நான் ஒண்ணுமே பண்ணல" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அடுத்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டு ஆட்களோ, பாலை நிறுத்தியவள் நான்தான் என்று என்னைக் குற்றம் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் அந்த நோய் எங்கே ஒளிந்திருந்தது? பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.


மார்ச் 24

அண்ணி,

பதில் இருக்கிறது. அது எனக்குக் கிடைத்தே நான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ளக் குழந்தையின் நோயைப் பயன்படுத்துவது போலிருக்கும் என்ற கூச்சம். இப்போது நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளைச் செய்யும் குறிப்பு நம் மரபணுக்களில் இருக்கிறது. ஒன்று இல்லை, பல குறிப்புகள். உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். டெப்போவில் எல்லா டிரைவர் பெயரும் பதிவில் இருக்கும். ஆனால் இன்று வண்டி எடுப்பவன் யார் என்பது நீங்கள் போடும் ட்யூட்டியைப் பொறுத்தது. உடம்பிலும் அதேதான். எல்லா மரபணுவும் எல்லா செல்லிலும் இருக்கிறது. எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா உட்கார வேண்டும் என்பதை செல் முடிவு செய்கிறது. கண்ணும் ஈரலும் ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை பார்ப்பது அதனால்தான்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒரு மரபணு வண்டி ஓட்டுகிறது. கருவில் இருக்கும்போது ஓட்டுபவன் என்பதால் அவனைக் கருக்காலத்தவன் என்று வைத்துக்கொள்வோம். வாண்டுவிடம் அவன் பழுதில்லாதவன். பிறந்த பிறகு செல் மெல்ல மெல்ல அவனை லீவில் அனுப்பிவிட்டுப் பெரியவர்களுக்கான மரபணுவை ட்யூட்டிக்குக் கொண்டுவருகிறது. ஷிஃப்ட் முழுதாக மாறி முடிய ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். அவளுடைய பழுது இருப்பது இந்த இரண்டாவது ஆளிடம். ஆகவே நோய் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அதற்கு ட்யூட்டி வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் பாலைக் குறைத்ததும், வேலைக்குப் போனதும், அவள் என் கைக்கு வந்ததும் எல்லாம் அந்த ஆறாம் மாதத்தில் வந்து சேர்ந்துகொண்டன. நீங்கள் இரண்டு வயதுவரை பால் கொடுத்திருந்தாலும் அது நடந்திருக்கும். அவளைப் பட்டுத்துணியில் வைத்துத் தாங்கியிருந்தாலும் நடந்திருக்கும்.

இந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் வந்தான். அதே வீக்கம். அதே கை, அதே கால். குழந்தைகளுக்கு இந்த நோயின் முதல் அடையாளமே பெரும்பாலும் அதுதான் என்று எங்கள் மேலதிகாரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்கள் மேல், அன்று வீட்டுக் கூடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மேல். என்னிடம் எல்லோரும் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். ஒருவர்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

இன்னொன்று. என் ரத்தத்தையும் பார்த்தேன். அந்தப் பழுது எனக்கும் பாதி இருக்கிறது. அண்ணனுக்கும் பாதி, உங்களுக்கும் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்ததால்தான் வாண்டுவுக்கு நோயாயிற்று. இனி யாராவது உங்கள் வீட்டு ரத்தத்தில்தான் குறை என்று ஆரம்பித்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரை பற்றி இன்று எழுதவில்லை. கேட்டால் எழுதுகிறேன்.


ஏப்ரல் 6

நாத்தனாருக்கு,

படித்தேன். டெப்போவிலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டு டிரைவர்கள் ஒரே வண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். "போய் ஓரமா நில்லுங்க" என்று துரத்திவிட்டேன்.

பால் விஷயத்தை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். எட்டு வருடமாக அந்தப் பால் கணக்கை மனதுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மற்றதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது.

ஒரு சந்தேகம். லீவில் போனவனை யார் அனுப்பினது? அவன் செத்துவிட்டானா, உயிரோடு இருக்கிறானா? என் அனுபவத்தில், நீண்ட லீவில் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை.


ஏப்ரல் 14

அண்ணி,

உயிரோடுதான் இருக்கிறான். அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். அவனை அழிக்கவில்லை, பதிவிலிருந்து அடிக்கவும் இல்லை. அவனை வீட்டில் உட்கார வைப்பதற்கென்றே செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அது போய் அவனுடைய குறிப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். யாரும் படிக்க முடியாது. படிக்காத குறிப்பிலிருந்து ஒன்றும் உருவாகாது.

நீங்கள் வேண்டாம் என்று எழுந்து வந்த அந்த மாத்திரை செய்வது என்ன தெரியுமா? எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடத்தில் ஒரு நெருக்கடியை உண்டாக்குகிறது. அந்த அவசரத்தில் கருக்காலத்தவன் மறுபடி வேலைக்கு வருகிறான். எப்படி வருகிறான் என்பது முழுக்க யாருக்கும் பிடிபடவில்லை. தெரிந்ததைப் போல அளக்க எனக்கு விருப்பமில்லை. வந்தவன் முழு வண்டியையும் ஓட்ட மாட்டான். கொஞ்சம் ஓட்டினாலே அணுக்கள் வளைவது குறையும். புற்றுநோய்க்குக் கொடுப்பது நிஜம்தான், ஆனால் அங்கே நோக்கம் வேறு, அளவும் வேறு. வெள்ளையணு குறையக்கூடும் என்பதும் நிஜம். அதனால்தான் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள், குறைந்தால் நிறுத்துவார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அவளைக் குணப்படுத்தாது. வலியைக் குறைக்கும், நெஞ்சுக்கு வருவதைக் குறைக்கும். எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிவு உங்களுடையது.


மே 2

நாத்தனாருக்கு,

அந்தப் புரதம் நான்தான் போலிருக்கிறது. ஊரில் உள்ளவனையெல்லாம் வீட்டில் உட்கார வைப்பதுதானே என் பிழைப்பு. எங்கள் டெப்போவிலும் கூட்டம் தாங்காத நாளில் ஓய்வில் இருப்பவனைப் போன் போட்டு எழுப்புவேன். திட்டிக்கொண்டே வருவான், ஆனால் வந்துவிடுவான். உங்கள் மாத்திரையும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டரைப் போய்ப் பார்த்தோம். நீங்கள் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார். எங்கள் நாத்தனார் என்று சொன்னேன்.

முதல் மாத்திரையை நேற்று கொடுத்தேன். வாண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, "இது என்ன பண்ணும்?" என்று கேட்டாள். தூங்குகிறவனை எழுப்பும் என்றேன். வயிற்றில் காது வைத்துக் கேட்கச் சொல்லி உயிரை வாங்கிவிட்டாள்.


செப்டம்பர் 9

அண்ணி,

ஜூனில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்து நான் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சிவப்பணுக்கள் அளவில் பெரிதாகியிருந்தன. மாத்திரை வேலை செய்வதற்கு அதுதான் முதல் அறிகுறி. ஜூலையில் வெள்ளையணு கொஞ்சம் குறைந்தது, டாக்டர் சில நாள் நிறுத்திவிட்டு அளவைக் குறைத்து மறுபடி தொடங்கச் சொன்னார். அதுவும் சரி.

இப்போது அவளுடைய ரத்தம் எங்கள் கூடத்துக்கே வந்தது. குழாயில் பெயரைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். சொந்தக்காரர் ரத்தத்தை நான் பரிசோதிப்பதில்லை. அண்ணன் அனுப்பிய பிறகுதான் முடிவைப் பார்த்தேன். அணுக்களின் அளவு பழையபடி இறங்கியிருக்கிறது. கருக்காலத்தவன் ஏறிய இடத்திலிருந்து சறுக்கியிருக்கிறான். டாக்டர் குறைத்தது கொஞ்சம்தான். அதற்கு இவ்வளவு இறங்காது. போன வாரம் மறுபடி கால் வலி வந்து பள்ளிக்கூடம் போகவில்லையாமே.

மாத்திரையைக் கொடுக்கவில்லை, அப்படித்தானே? பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் குப்பையில் போடுகிறீர்கள். டாக்டரை, அண்ணனை, என்னை எல்லோரையும் முட்டாளாக்கிவிட்டீர்கள். நாங்கள் போகட்டும், வலியைத் தாங்குவது வாண்டு. ஒரு பெண்ணின் பிடிவாதத்துக்கும் ஒரு எல்லை உண்டு அண்ணி.


செப்டம்பர் 17

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்கள்" போட்டு எழுத இனி என்னால் ஆகாது.

மாத்திரையைக் கொடுத்தேன். ஒன்றையும் குப்பையில் போடவில்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் வாண்டுவின் பெயரில் ஒரு ட்யூட்டி சார்ட் ஒட்டியிருக்கிறேன், வந்து பார். வெள்ளையணு குறைந்தது என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் டெப்போவில் ஒருவனைத் தொடர்ந்து ஓட்டவிட்டால் வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் சாத்துவான். வார ஓய்வு சரியாகப் போடுகிறவள் என்றுதான் எனக்குப் பேர். எழுப்பி வேலை வாங்குகிறோமே, அந்த உன் ஆளுக்கும் ஓய்வு வேண்டாமா? ஒரு நாள் மாத்திரை, ஒரு நாள் ஓய்வு என்று மாற்றிப் போட்டேன். விடுமுறை நாட்களிலும் ஓய்வு. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை. ட்யூட்டி போடுவதில் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை, அந்தத் திமிர்.

நேற்று போய்ச் சொன்னேன். டாக்டர் முதலில் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு சிரித்துவிட்டார். தினமும் கொடுக்க வேண்டும், ஓய்வு தேவையா என்பதை ரத்தம் பார்த்து அவர் சொல்வாராம். சார்ட்டைக் கிழித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. கொடுத்தீர்களா, எப்படிக் கொடுத்தீர்கள் என்று நீ என்னை நேராகக் கேட்டிருக்கலாம். கேட்காமல் நீயே முடிவு கட்டிவிட்டாய். ஒரு தாய் தன் பிள்ளைக்கு வேண்டுமென்றே கெடுதல் செய்வாள் என்று உனக்கு எப்படி எழுத மனம் வந்தது? ஒருவரை வாய் திறக்கவிடாமல் இப்படியா

மேலே உள்ள வரியை எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆகிறது. இன்றைக்கும் அதை முடிக்க வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.


செப்டம்பர் 25

அண்ணி,

நீங்கள் பேனாவை வைத்த இடம் எனக்குப் புரிந்தது. முடிக்க வேண்டாம். நானும் அதே தவற்றைத்தான் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு தாளில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு. நமக்குள் பழுது பாதிப் பாதி என்று முன்பு எழுதினேன். இதிலும் அப்படித்தான் ஆகிவிட்டது.

மரபணுவுக்கு வார ஓய்வு கொடுத்த கதையை எங்கள் கூடத்தில் சொன்னேன். மேலதிகாரிக்குப் புரையேறிவிட்டது. உங்களைப் பார்க்க வேண்டுமாம். நானும் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. ஒரே வீட்டில் இருந்தபோது என் தலையை இழுத்துப் பின்னிவிட்டு "நெட்டை, கொஞ்சம் குனிடி" என்று குட்டுவீர்களே. இங்கே யாரும் என்னைக் குட்டுவதில்லை. எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள், அலுப்பாக இருக்கிறது.

தினமும் கொடுங்கள். பயம் வந்தால் எனக்கு எழுதுங்கள். அவசரமென்றால் போனே செய்யலாம். நான் வைக்க மாட்டேன்.


பிப்ரவரி 20

அண்ணி,

இன்று காலை அண்ணன் அனுப்பினான். நான்கு முறை பார்த்தேன். கருக்காலத்தவன் வாண்டுவின் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டிவிட்டான். வெள்ளையணுவும் சரியாக இருக்கிறது. குளிர் காலம் முழுக்க ஒரு முறைகூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை என்று அவன் எழுதியதைப் படித்ததும், இயந்திரத்தை அப்படியே ஓடவிட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கு மகிழ்ச்சி வந்தால் பேச வராது, உங்களுக்குத் தெரியும். இன்னும் என்னென்னவோ எழுத இருக்கிறது. இப்போது முடியவில்லை.

நெட்டை


ஏப்ரல் 28

நெட்டை,

நலமாக இருக்கிறோம். வாண்டு ஒரு பல்லை இழந்து, இரண்டு அங்குலம் வளர்ந்து, வாய் மட்டும் நான்கு மடங்கு வளர்ந்திருக்கிறாள். போன மாதம் முதுகில் ஒரு நாள் வலி வந்தது. வீட்டிலேயே சமாளித்தோம், மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள். முன்பெல்லாம் ஒரு வலி வந்தால் வாரம் முழுக்கப் போய்விடும். இன்னும் வரும் என்று தெரியும். ஆனாலும் அவள் தெருவில் இறங்கி ஓடும்போது நான் ஜன்னலுக்கு ஓடுவதை நிறுத்தியிருக்கிறேன். முழுக்க இல்லை, பாதி.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. அத்தை வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தன் ரத்தத்தைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். உன் அண்ணனுக்கு லீவு இல்லை. எனக்கும் இல்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்டால் டெப்போவே சிரிக்கும். அதனால் அவளை மட்டும் அனுப்புகிறேன். உன் அண்ணன் பஸ்ஸில் கொண்டுவந்து உன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுவார். பத்து நாள் உன்னிடம் இருக்கட்டும்.

மாத்திரை காலையில், தினமும். தண்ணீர் நிறையக் குடிக்க வை, கேட்டால் குடித்தேன் என்று பொய் சொல்வாள். குளிர்ந்த தண்ணீரில் ஆட விடாதே. உன் ஊர்க் குளிருக்கு வெளியே போனால் ஸ்வெட்டர் போடு, கழற்றி எறிவாள், மறுபடி போடு. கதை கேட்காமல் தூங்க மாட்டாள், உன் டிரைவர் கதையையே சொல்லு, ஏற்கெனவே பாதி தெரியும்.

உன்னிடம் இருக்கும்போது அவளுக்கு வலி வந்தாலும் வரலாம். வந்தால் பயப்படாதே, உடனே எனக்குப் போன் செய். நீ என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன். எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன்.

அண்ணி